7. பந்து ஏன் ஓடவில்லை?

சென்ற அத்தியாயம் வரை நாம் எழுதிய லூப்கள் கறுப்புத் திரையில் எதையாவது அச்சிட்டுவிட்டு முடிந்துபோயின. பெருக்கல் வாய்ப்பாடு, பகா எண்கள், நட்சத்திரக் குறிகளால் ஒரு முக்கோணம். இனி ஒரு விண்டோவைத் திறந்து, அதற்குள் ஒரு பந்தை ஓடவிடப் போகிறோம். லூப் தெரிந்தவர்களுக்கு இது எளிது என்று தோன்றும். லூப் தெரிந்திருப்பதுதான் இங்கே முதல் இடைஞ்சல்.

தொடங்கும் முன் ஒரு சின்ன ஏற்பாடு. வேரியபிள்களுக்குத் தமிழிலேயே பெயர் வைத்திருக்கிறேன். இது விளையாட்டுக்காக அல்ல. ஜாவா கம்பைலர் யூனிகோடு எழுத்துகளைப் பெயராக ஏற்கிறது, ‘வேகம்’ என்று புள்ளியோடு எழுதினாலும் முணுமுணுக்காது. ஃபைலை யூடிஎஃப்-8 ஆகச் சேமித்தால் போதும். ஜாவா 18 முதல் அதுவே இயல்பு. அதற்கு முந்தைய பதிப்பை விண்டோஸில் வைத்திருப்பவர்கள் கம்பைல் செய்யும்போது என்கோடிங் யூடிஎஃப்-8 என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கும். ஃபார், இஃப் போன்ற ஜாவாவின் சொந்தச் சொற்களை நீங்கள் வழக்கம்போல ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும்.

முதலில் தப்பான வழியையே எழுதிப் பார்ப்போம். விண்டோவில் ஒரு பேனல், அதில் ஒரு பந்து, கீழே ‘ஓடு’ என்று ஒரு பட்டன். பட்டனை அழுத்தினால் நடக்க வேண்டியது:

ஃபார் (இன்ட் எண் = 0; எண் < 300; எண்++) {
    இடம் = இடம் + 1;
    ரீபெயின்ட்();
}

ரன் செய்து பட்டனை அழுத்துங்கள். பந்து ஓடாது. இடது ஓரத்தில் இருந்தது சட்டென்று 300 பிக்சல் தள்ளிப் போய் நிற்கும். லூப் அதிவேகமாக ஓடி முடிந்துவிட்டது, நடுவில் கொஞ்சம் நிறுத்தி நிறுத்தி ஓட்டலாம் என்றுதான் யாருக்கும் அடுத்துத் தோன்றும். லூப்புக்குள் த்ரெட்.ஸ்லீப்(20) என்று ஒரு வரி சேர்த்து, அதற்குக் கம்பைலர் கேட்கும் ட்ரை-கேட்ச்சையும் போட்டு மறுபடி அழுத்துங்கள். இப்போது நிலைமை இன்னும் மோசம். பட்டன் அழுந்தியது அழுந்தியபடியே நிற்கும். மூலையில் இருக்கும் பெருக்கல் குறியைத் தட்டினாலும் விண்டோ மூடாது. 300 சுற்று, சுற்றுக்கு 20 மில்லி விநாடி, ஆக 6 விநாடிக்கு விண்டோ மரக்கட்டை மாதிரி இருக்கும். அது முடிந்ததும் பந்து ஒரே தாவில் மறுபக்கம் போய் நிற்கும். நீங்கள் பெருக்கல் குறியைத் தட்டியிருந்தால் அதுவும் அப்போதுதான் உறைத்து விண்டோ மூடிக்கொள்ளும்.

இந்த 6 விநாடியில் உள்ளே என்ன நடந்தது என்று புரிந்துவிட்டால் இந்த அத்தியாயத்தில் பாதி முடிந்த மாதிரி.

நாம் விண்டோ திறக்கப் பயன்படுத்தும் ஜாவா நூலகத்தின் பெயர் ஸ்விங். அதில் விண்டோ சம்பந்தப்பட்ட எல்லா வேலையையும் ஒரே ஒரு த்ரெட்தான் பார்க்கிறது. அதன் பெயர் ஈவென்ட் டிஸ்பேட்ச் த்ரெட். மவுஸ் கிளிக், கீபோர்டில் ஒரு தட்டு, விண்டோவைப் பெரிதாக்கியது, ‘திரும்ப வரை’ என்ற கோரிக்கை எல்லாம் ஒரே வரிசையில் வந்து நிற்கின்றன. அந்த த்ரெட் ஒவ்வொன்றாக எடுத்து முடிக்கிறது. ஒரே கவுன்டர் உள்ள ரேஷன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். எடை போடுபவர் ஒரு கார்டுக்காரரோடு 6 விநாடி பேசிக்கொண்டு நின்றால் பின்னால் நிற்கும் அத்தனை பேரும் காத்திருக்கத்தான் வேண்டும். உங்கள் பட்டனுக்கான கோட் அந்தக் கவுன்டரில்தான் ஓடியது. அது ஸ்லீப் போட்டுத் தூங்கினால் கவுன்டரே தூங்கியதாக அர்த்தம்.

ரீபெயின்ட்டைப் பற்றிய தவறான எண்ணம் அடுத்தது. பெயரைப் பார்த்தால் அது உடனே வரைந்துவிடும் என்று தோன்றும். வரையாது. ‘நேரம் கிடைக்கும்போது வரை’ என்று வரிசையில் ஒரு சீட்டைப் போட்டுவிட்டு உடனே திரும்பி வந்துவிடும். அப்படி 300 சீட்டு போட்டாலும், இன்னும் எடுக்கப்படாமல் கிடக்கும் சீட்டுகளை ஸ்விங் ஒன்றாகச் சேர்த்து ஒரே தடவைதான் வரையும். அந்த ஒரு தடவை வரையும்போது இடம் 300 ஆகிவிட்டிருக்கும். நடுவில் இருந்த 299 இடங்களையும் யாரும் வரையவே இல்லை.

எனவே இனி ஒரு லூப் எழுதத் தோன்றும்போதெல்லாம் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இது இடத்தில் ஓடும் லூப்பா, காலத்தில் ஓடும் லூப்பா? ஒரே நொடியில் பத்துப் பொருள்களைத் திரையில் பரப்ப வேண்டும் என்றால் அது இடத்தில் ஓடும் லூப். ஃபார் போட்டு நீங்களே எழுதுங்கள். ஒரே பொருள் அடுத்தடுத்த நொடிகளில் வேறு வேறு இடத்தில் இருக்க வேண்டும் என்றால் அது காலத்தில் ஓடும் லூப். அதை நீங்கள் எழுதக் கூடாது. ஸ்விங்குக்குள் அது ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கிறது. அதில் ஒரு சுற்றுக்கு என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லிக் கொடுப்பதுதான் உங்கள் வேலை.

இடத்தில் ஓடும் லூப்பை முதலில் பார்த்துவிடலாம். 400 பிக்சல் அகலமுள்ள பேனலில் பத்து வட்டங்கள் வேண்டும். பேனலை வரைய ஸ்விங் அழைக்கும் பெயின்ட்காம்பொனன்ட் மெத்தடுக்குள், சூப்பர்.பெயின்ட்காம்பொனன்ட்டை அழைத்த பிறகு (அந்த மெத்தடுக்கு வரும் கிராஃபிக்ஸ் பொருளுக்குத் ‘தூரிகை’ என்று பெயர் வைத்திருக்கிறேன்):

ஃபார் (இன்ட் எண் = 0; எண் < 10; எண்++) {
    தூரிகை.ஃபில்ஓவல்(எண் * 40, 100, 30, 30);
}

ஃபில்ஓவல் கேட்கும் முதல் இரண்டு எண்கள் வட்டத்தின் மையம் அல்ல; வட்டத்தைச் சுற்றிக் கட்டம் போட்டால் அந்தக் கட்டத்தின் இடது மேல் மூலை. கடைசி வட்டம் 360-இல் தொடங்கி 390-இல் முடியும், 400-க்குள் அடங்கிவிடும். ‘<’ என்பதற்குப் பதில் ‘<=’ போட்டுப் பாருங்கள். பதினொன்றாவது வட்டமும் வரையப்படும், ஆனால் 400-இல் தொடங்குவதால் கண்ணுக்குத் தெரியாது. எரரும் வராது. கன்சோலில் ஒரு வரி கூடினால் உடனே தெரியும். படம் வரையும்போது இந்த மாதிரிப் பிழை விண்டோவை இழுத்து அகலமாக்கும் வரை ஒளிந்துகொண்டிருக்கும். இன்னொன்று: திரையில் மேலிருந்து கீழே போகப் போகத்தான் ஒய் மதிப்பு கூடும். பள்ளியில் வரைபடத்தாளில் பழகிய கைக்கு இது தலைகீழ். இரண்டு நாளில் பழகிவிடும்.

இப்போது காலத்துக்கு வருவோம். ஸ்விங்கின் டைமர் என்ற கிளாஸ்தான் கருவி:

டைமர் கடிகாரம் = நியூ டைமர்(16, நிகழ்வு -> {
    இடம் = இடம் + வேகம்;
    ரீபெயின்ட்();
});
கடிகாரம்.ஸ்டார்ட்();

16 மில்லி விநாடிக்கு ஒரு முறை டைமர் அந்த வரிசையில் ஒரு சீட்டைப் போடும். முறை வந்ததும் உங்கள் இரண்டு வரிகள் ஓடும். உடனே கவுன்டர் அடுத்த வேலைக்குப் போய்விடும். விநாடிக்கு ஏறத்தாழ 60 தடவை, கண்ணுக்கு அது சீரான ஓட்டம். ஒவ்வொரு தடவையையும் ‘துடிப்பு’ என்று அழைப்போம். அம்புக்குறி போட்டு எழுதும் இந்தச் சுருக்க வடிவம் 2014-இல் ஜாவா 8-உடன் வந்தது. பழைய புத்தகங்களில் இதே வேலைக்கு ஆக்‌ஷன்லிசனர் என்று ஒரு உள் கிளாஸ் எழுதி ஐந்தாறு வரி இழுத்திருப்பார்கள். இரண்டும் ஒன்றுதான்.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் இம்போர்ட் வரி. ஜாவாவில் டைமர் என்ற பெயரில் இரண்டு கிளாஸ்கள் உண்டு. ஒன்று ஸ்விங் பேக்கேஜில், மற்றது யூட்டில் பேக்கேஜில். இரண்டு பேக்கேஜையும் நட்சத்திரம் போட்டு மொத்தமாக இம்போர்ட் செய்தால் எந்த டைமர் என்று தெரியவில்லை என்று கம்பைலர் கையை விரித்துவிடும். ஐடிஇ-யில் பல்ப் ஐகானைத் தட்டி அது முதலில் காட்டுவதை எடுத்துக்கொள்கிறவர்களுக்குப் பெரும்பாலும் யூட்டில் டைமர்தான் மாட்டும். அது தனி த்ரெட்டில் ஓடுவது, நமக்கு வேண்டாம்.

வேலைப் பங்கீட்டில் கறாராக இருங்கள். துடிப்பில் இடத்தை மாற்றுங்கள், பெயின்ட்காம்பொனன்ட்டில் வரைய மட்டும் செய்யுங்கள். ‘இடம் = இடம் + வேகம்’ என்ற வரியைப் பெயின்ட்காம்பொனன்ட்டுக்குள் தூக்கிப் போட்டாலும் பார்வைக்குப் பந்து ஓடத்தான் செய்யும். அப்படியே விட்டுவிட்டு விண்டோவின் ஓரத்தைப் பிடித்து மவுஸால் இழுத்துப் பாருங்கள். இழுக்க இழுக்கப் பந்து வேகம் பிடிக்கும். ஏனென்றால் விண்டோவின் அளவு மாறும்போதெல்லாம் ஸ்விங் தானாகவே வரையும். எத்தனை தடவை வரையும் என்பது உங்கள் கையில் இல்லை. சூப்பர்.பெயின்ட்காம்பொனன்ட் வரியை எடுத்துவிட்டால் வேறொரு வேடிக்கை: பழைய பந்துகள் அழியாமல், பந்து ஒரு கோடு போல நீண்டுகொண்டே போகும். வாண வேடிக்கை வரைய நினைப்பவர்களுக்கு இது பிடித்துப்போகலாம். ஆனாலும் அதற்கு இது வழியல்ல.

பந்து சுவரில் பட்டுத் திரும்ப வேண்டும். எல்லோரும் முதலில் எழுதுவது இது: இடமும் விட்டமும் சேர்ந்து கெட்வித்() மதிப்பைத் தாண்டினால், அல்லது இடம் பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால், வேகம் = -வேகம். சரியாகவே வேலை செய்யும். பந்து வலது ஓரத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போது விண்டோவைச் சட்டென்று சுருக்குங்கள். 400 அகலத்தில் 360-இல் இருந்த பந்து, அகலம் 300 ஆனதும் வெளியே மாட்டிக்கொள்கிறது. அடுத்த துடிப்பில் வேகம் -3 ஆகிறது, பந்து 357-க்கு வருகிறது. இன்னும் வெளியேதான். எனவே அடுத்த துடிப்பில் வேகம் மறுபடி +3, பந்து 360-க்கே திரும்புகிறது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பந்து நடுங்கிக்கொண்டே நிற்கும். உள்ளே வரவே வராது. குறியைப் புரட்டுவதற்குப் பதில் திசையை உறுதியாகச் சொல்லிவிடுவதுதான் மருந்து. வலது சுவரைத் தாண்டினால் வேகம் = -மேத்.ஆப்ஸ்(வேகம்). இடது சுவரைத் தாண்டினால் வேகம் = மேத்.ஆப்ஸ்(வேகம்). எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லாமல் போய்விடும்.

அகலத்தைக் கன்ஸ்ட்ரக்டரில் ஒரு தடவை கேட்டு வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். விண்டோ திரைக்கு வரும் முன் கெட்வித் பூஜ்ஜியம்தான் தரும். துடிப்புக்குள் ஒவ்வொரு தடவையும் கேளுங்கள், செலவு ஒன்றுமில்லை.

கீழே விழும் பந்து வேண்டுமென்றால் ஒவ்வொரு துடிப்பிலும் கீழ்நோக்கிய வேகத்தைச் சிறிதளவு கூட்ட வேண்டும், 0.4 என்று வைத்துக்கொள்வோம். இங்கே ஜாவா ஒரு குறும்பு செய்யும். வேகம் இன்ட் வகையாக இருக்கும்போது ‘வேகம் = வேகம் + 0.4’ என்று எழுதினால் கம்பைலர் மறுத்துவிடும், நல்லது. அதையே ‘வேகம் += 0.4’ என்று சுருக்கி எழுதினால் சத்தமே இல்லாமல் ஏற்றுக்கொண்டு, புள்ளிக்குப் பிறகு உள்ளதை வெட்டிவிடும். வேகம் பூஜ்ஜியமாகவே இருக்கும். பந்து அந்தரத்தில் நிற்கும். எங்கே பிழை என்று புரியாது. கூட்டலுடன் சேர்ந்த இந்தக் குறி உள்ளுக்குள் வகையை மாற்றிக்கொள்கிறது என்பது ஜாவாவின் விதி. இடம், வேகம் இரண்டையும் டபுள் ஆக வைத்துக்கொண்டு, வரையும் வரியில் மட்டும் இன்ட் ஆக மாற்றுங்கள்.

இதுவரை பந்து தன்போக்கில் ஓடியது. இனி நாம் தலையிடுவோம்.

மவுஸுக்கு மவுஸ்லிசனர். அதில் ஐந்து மெத்தட்கள் இருப்பதால் ஐந்தையும் எழுதச் சொல்லும். மவுஸ்அடாப்டரை எக்ஸ்டெண்ட் செய்தால் தேவையானதை மட்டும் எழுதலாம். தேவையானது பெரும்பாலும் மவுஸ்பிரஸ்ட். மவுஸ்கிளிக்ட் என்ற பெயர்தான் கண்ணில் முதலில் படும், ஆனால் அழுத்திய இடத்திலேயே கை அசையாமல் விட்டால்தான் அது கிளிக் என்று கணக்கு. ஓடும் பந்தைத் துரத்தி அழுத்தும்போது கை நிச்சயம் அசையும். ‘சில நேரம் வேலை செய்கிறது, சில நேரம் செய்யவில்லை’ என்று யாராவது சொன்னால் முதலில் இதைப் பாருங்கள்.

கீபோர்டு இன்னும் கொஞ்சம் படுத்தும். தட்டப்பட்ட கீ எந்தப் பொருளுக்குப் போக வேண்டும் என்பதை ஃபோகஸ் தீர்மானிக்கிறது. பேனலுக்கு அது தானாக வந்து சேராது. செட்ஃபோகஸபிள்(ட்ரூ) என்று சொல்லி, விண்டோ திரைக்கு வந்த பிறகு ரிக்வெஸ்ட்ஃபோகஸ்இன்விண்டோவையும் அழைக்க வேண்டும். விண்டோவில் பட்டன் ஏதாவது இருந்தால் அதை அழுத்தியதுமே ஃபோகஸ் பட்டனுக்குத் தாவிவிடும். பிறகு பந்தைக் குதிக்க வைக்க ஸ்பேஸ் பாரைத் தட்டினால் பந்து அசையாது, பட்டன்தான் திரும்ப அழுந்தும். பட்டனுக்கு செட்ஃபோகஸபிள்(ஃபால்ஸ்) போட்டுவிட்டால் தொல்லை விட்டது.

அதையெல்லாம் சரி செய்து, கீழே ஒரு மட்டையை வைத்து, வலது அம்புக் கீயைத் தட்டினால் மட்டையை 10 பிக்சல் நகர்த்து என்று கீபிரஸ்டில் எழுதுகிறீர்கள். கீயை அழுத்திப் பிடியுங்கள். மட்டை ஒரு எட்டு வைக்கும், சிறிது தயங்கி நிற்கும், பிறகு தடதடவென்று ஓடும். எழுத்தை அழுத்திப் பிடித்தால் எடிட்டரில் எப்படி ஒன்று வந்து, இடைவெளி விட்டு, பிறகு கொட்டுமோ அதே தாளம்தான். அது ஆபரேட்டிங் சிஸ்டம் கீபோர்டுக்குப் போட்டிருக்கும் தாளம், உங்கள் விளையாட்டுக்கானது அல்ல. எனவே கீபிரஸ்டில் மட்டையை நகர்த்த வேண்டாம். ‘வலதுஅழுத்தம்’ என்ற பூலியனை ட்ரூ ஆக்குங்கள். கீரிலீஸ்டில் ஃபால்ஸ் ஆக்குங்கள். நகர்த்தும் வேலையைத் துடிப்பு பார்த்துக்கொள்ளும்: வலதுஅழுத்தம் ட்ரூ என்றால் மட்டைஇடம் += 5. தயக்கம் போய்விடும், இரண்டு கீகளை ஒரே நேரத்தில் பிடிப்பதும் கைகூடும். ஈவென்ட் குறித்து வைக்கிறது, துடிப்பு நகர்த்துகிறது, பெயின்ட் வரைகிறது. இந்தப் பிரிவினையை விட்டு விலகும் ஒவ்வொரு இடத்திலும் மேலே பார்த்த ஏதோ ஒரு கோளாறு எட்டிப் பார்க்கும்.

‘ஓடு’ பட்டனுக்கும் இது பொருந்தும். அதன் கோடுக்குள் ‘நியூ டைமர்’ என்று எழுதினால், ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் ஒரு புதிய டைமர் பிறந்து, பழையதும் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டாவது அழுத்தலில் பந்து இருமடங்கு வேகம், மூன்றாவதில் மும்மடங்கு. டைமரை ஒரே ஒரு தடவை கன்ஸ்ட்ரக்டரில் உருவாக்கி வைத்து, பட்டனில் இஸ்ரன்னிங் என்று கேட்டு ஸ்டாப் அல்லது ஸ்டார்ட் செய்யுங்கள். நிறுத்தவும் ஓட்டவும் அந்த ஒரே பட்டன் போதும்.

வேறு புத்தகங்களைப் புரட்டுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஜாவா 1995-இல் பெயர் வாங்கியதே, அசையாமல் கிடந்த வலைப்பக்கத்துக்குள் ஆப்லெட் என்ற பெயரில் அசையும் படங்களைக் கொண்டுவந்ததால்தான். அந்தக் கால ஆப்லெட் உதாரணங்களில் த்ரெட் ஒன்றை உருவாக்கி, அதற்குள் வைல் லூப் போட்டு, ஸ்லீப் போட்டு அனிமேஷன் செய்திருப்பார்கள். தனி த்ரெட் என்பதால் அங்கே அது ஓடியது. 2017-இல் ஜாவா 9 ஆப்லெட்டுக்குக் கைவிடப்பட்டது என்ற முத்திரை குத்திவிட்டது. பழைய ரெக்கார்டு நோட்டிலிருந்து அந்த வைல் லூப்பை மட்டும் பிய்த்து உங்கள் பட்டனுக்குள் ஒட்டினால், இந்த அத்தியாயத்தின் தொடக்கத்தில் பார்த்த மரக்கட்டைதான் மிஞ்சும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் தொடக்கநிலை ஜாவா பாடத்திலும் வைல்(ட்ரூ) போட்டு, நடுவில் பாஸ் என்று ஒரு வரி எழுதி பந்தைத் துள்ளவிட்டார்கள். அவர்கள் பயன்படுத்திய ஏசிஎம் நூலகம் உங்கள் கோடைத் தனி த்ரெட்டில் ஓட்டுவதால் அது சரி. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் கிரீன்ஃபுட்டைப் பார்க்கலாம். அதில் ஒவ்வொரு பொருளுக்கும் ஆக்ட் என்று ஒரு மெத்தட் எழுதினால், ஒவ்வொரு சுற்றிலும் கிரீன்ஃபுட்டே அதை அழைக்கும். காலத்தில் ஓடும் லூப் மாணவர் கண்ணிலேயே படாது.

டைமரின் 16 என்பது வேண்டுகோள்தான், உத்தரவாதம் அல்ல. வரிசை நீண்டால் துடிப்பு தாமதமாகும். தேங்கிய துடிப்புகளை டைமர் ஒன்றாகச் சேர்த்துவிடும், பந்து பின்தங்கும். இப்போதைக்கு விட்டுவிடலாம். உறுத்துகிறவர்கள் சிஸ்டம்.நானோடைமைக் கொண்டு கடந்த துடிப்பிலிருந்து எவ்வளவு நேரம் ஆனது என்று அளந்து, வேகத்தை ‘விநாடிக்கு இத்தனை பிக்சல்’ என்று வைத்துப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்கு பிரேக்அவுட். 1976-இல் அடாரி வெளியிட்ட விளையாட்டு: மேலே எட்டு வரிசைச் செங்கல், கீழே மட்டை, நடுவில் பந்து. செங்கற்களை இடத்தில் ஓடும் இரண்டு லூப்களால், ஒன்றுக்குள் ஒன்றாக, கன்ஸ்ட்ரக்டரில் உருவாக்கி ஒரு அரேலிஸ்ட்டில் சேருங்கள். ஒவ்வொரு செங்கல்லும் ஒரு ரெக்டேங்கிள் ஆப்ஜெக்ட்டாக இருந்தால், பந்து மேலே பட்டதா என்று இன்டர்செக்ட்ஸ் மெத்தடே சொல்லிவிடும். பட்ட செங்கல்லை எடுக்க வேண்டிய இடத்தில் கவனம். ஃபார்-ஈச் லூப்பில் பட்டியலைச் சுற்றிவரும்போதே அதிலிருந்து ரிமூவ் செய்தால், கன்கரன்ட்மாடிஃபிகேஷன்எக்செப்ஷன் என்று கன்சோலில் நீளமாகத் திட்டு விழும். லூப்பைக் கடைசிச் செங்கல்லிலிருந்து முதல் செங்கல்லை நோக்கி, எண்ணைக் குறைத்துக்கொண்டே ஓட்டுங்கள். எடுத்த இடத்துக்குப் பின்னால் உள்ளவைதான் நகரும், இன்னும் பார்க்க வேண்டியவை அசையாது. ஒரு துடிப்பில் இரண்டு செங்கல்லைப் பந்து தொட்டுவிட்டால் வேகத்தின் குறி இரண்டு தடவை புரண்டு, பந்து சுவரைத் துளைத்துக்கொண்டு மேலே போகும். ஒரு செங்கல்லை எடுத்ததுமே பிரேக் போட்டு லூப்பை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.